குறைந்த மதிப்பெண்ணுக்கு யார் விளக்கம் எழுதுவது?

புதுச்சேரியில் இரண்டு விதமான மதிப்பெண் தாள்கள் புழங்குகின்றன. ஒன்று, லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியிலும் பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் செமஸ்டருக்கு ஒருமுறை பார்க்கும் மார்க் ஷீட். புதுவைப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வருவது. இன்னொன்று, 1826-இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் பிரெஞ்சு லீசேயிலிருந்து பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் கைக்கு வரும் தேர்ச்சி அறிக்கை. முதலாவது கல்லூரியுடையது, இரண்டாவது பள்ளியுடையது. ஆனாலும் குறைந்த மதிப்பெண்ணை ஒரு கல்விமுறை எப்படிப் பார்க்கிறது என்பதை இரண்டும் தெளிவாகவே காட்டிவிடுகின்றன.

இந்த ஒப்பீட்டில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள், இடையில் சறுக்கிய ஒரு செமஸ்டருக்கு விளக்கம் எழுதத் தெரியாமல் திணறுவதை வருடாவருடம் பார்க்கிறேன். நல்ல பிள்ளைகள், பாடம் தெரிந்தவர்கள். படித்த நூலைப் பற்றியும் செய்த புராஜெக்டைப் பற்றியும் தெளிவாக எழுதுகிறவர்கள், அந்த ஒரு பத்தி வந்ததும் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. அந்தப் பத்தியை எழுதியிருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பதே என் கட்சி.

முதலில் நம் மார்க் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு, கடைசியில் சி.ஜி.பி.ஏ. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துக் கொடுத்த பத்துப் புள்ளி முறையில், தேர்வெழுதித் தோற்றவனுக்கும் 0, தேர்வுக்கே வராதவனுக்கும் 0. எழுத்து மாறுமே தவிர எண் மாறாது. அம்மாவை ஜிப்மரில் சேர்த்துவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவனும், படிக்காததால் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவனும் அந்தத் தாளில் ஒன்றுதான். வகுப்பின் சராசரியும் அதில் இருக்காது. பாதி வகுப்பு விழுந்த தாளா, இவன் மட்டும் விழுந்த தாளா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டு செய்தியும் இல்லாத ஒரு தாளை ஐந்தாறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் படித்து, அந்த மாணவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்.

லீசே அறிக்கையில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மாணவரின் சராசரி இருக்கும். பக்கத்திலேயே வகுப்பின் சராசரி. அதற்கும் பக்கத்தில் அந்தப் பாட ஆசிரியர் எழுதும் ஓரிரு வரிகள். 20-க்கு 9 என்று நிற்கும் எண்ணுக்கு எதிரே, பருவத்தின் முதல் பாதியில் உடல்நலமில்லாமல் வரவில்லை, பிறகு எழுந்து வருகிறாள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்த 9 வேறு 9 ஆகிவிடுகிறது. பருவ முடிவில் ஆசிரியர்கள் கூடிப் பேசி எழுதும் பொதுக் கருத்து அறிக்கையின் அடியில் வரும். மாணவி தன் குறைந்த மதிப்பெண்ணுக்குத் தானே வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர் அப்போதே எழுதிவைத்துவிட்டார்.

பிரான்சின் பல்கலைக்கழக மதிப்பெண் தாளில் ஆசிரியர் கருத்து இருக்காதுதான். ஆனால் அங்கே வராமைக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. காரணத்துக்குச் சான்று கொடுத்து வராதவருக்கு ஒன்று, கொடுக்காமல் வராதவருக்கு வேறொன்று. ஜிப்மர் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த ஓர் எழுத்து வித்தியாசம் எவ்வளவு பெரியது! பெரும்பாலான படிப்புகளில் ஒரு பாடத்தில் 8 எடுத்தாலும் இன்னொன்றில் எடுத்த 13 அதைத் தாங்கிக்கொள்ளும். மொத்தச் சராசரி 10 வந்தால் தேர்ச்சி. 12, 14, 16 என்று ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறப்பு நிலை. நம் வீடுகளில் 20-க்கு 12 என்றால் ‘அறுபதுதானா’ என்று முகம் வாடும். பிரெஞ்சு ஆசிரியரிடமோ அது கௌரவமான மதிப்பெண். புதுச்சேரியில் ஒரே குடும்பத்தில் அண்ணன் லீசேயிலும் தங்கை அரசுப் பள்ளியிலும் படித்தால், இரண்டு தாளையும் ஒரே கண்ணால் பார்க்கும் பாட்டியால் யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொல்லவே முடியாது.

தாள் எப்படியோ, வாசலும் அப்படியே. இந்தியாவுக்குள் மேற்படிப்பு என்றால் பெரும்பாலும் நுழைவுத் தேர்வுதான். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர இப்போது சி.யு.இ.டி., ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர கேட், ஜிப்மரில் மருத்துவ மேற்படிப்புக்கு ஐ.என்.ஐ. சி.இ.டி. விண்ணப்பப் படிவத்தில் சதவீதத்தைக் கேட்பார்கள், ஏன் குறைந்தது என்று கேட்க மாட்டார்கள். குறைந்தபட்சத் தகுதி என்று ஒரு கோடு போட்டிருந்தால் அதற்குக் கீழே இருப்பவரின் கதை யார் காதிலும் விழாது. நெட் தேர்வுக்கு முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் வேண்டும். முழு எண்ணாக்கிக் கொள்ளக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 54.9 வைத்திருப்பவரிடம் எவ்வளவு உண்மையான காரணம் இருந்தாலும் எழுத இடம் கிடையாது. பிஎச்.டி. சேர்க்கைக்கான 2022-ஆம் ஆண்டு விதிகளில், பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று பிரித்திருக்கிறார்கள். அந்த 30-க்குள்தான் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது.

இந்த வாசலை நான் குறை சொல்லி ஒதுக்கிவிட மாட்டேன். இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. வைத்திக்குப்பத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, நயமான ஆங்கிலத்தில் தன் சரிவை எடுத்துச்சொல்ல ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. அவளுக்கு ஒரு தேர்வை வைத்து, இதில் எடுத்துக் காட்டு, பழையதைக் கேட்க மாட்டோம் என்று சொல்வது இரக்கம்தான். கேட் தேர்வில் வாங்கிய நல்ல மதிப்பெண் இரண்டாம் ஆண்டு அரியரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தேர்வுக்குப் பதில் கடிதம் கேட்கும் வாசலில் அப்படி எளிதாக நடக்காது. அங்கே பழைய தாளும் கூடவே வரும்.

நம் முறையிலும் காரணம் சொல்ல இடம் உண்டு. ஆனால் அது விண்ணப்பிக்கும்போது இல்லை, சம்பவம் நடக்கும்போது. அண்ணா பல்கலைக்கழக விதிகளில், தக்க காரணம் இருந்தால் துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் பரிந்துரையோடு தேர்விலிருந்து விலகிக்கொள்ளலாம். தோல்வி என்று எழுதாமல் விலகல் என்றே தாளில் வரும், முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சிக்கும் அது குறுக்கே நிற்காது. வருகைக் குறைவுக்கும் மருத்துவச் சான்று கொடுத்து விலக்குக் கேட்க வழியிருக்கிறது. இது எத்தனை மாணவருக்குத் தெரியும்? காய்ச்சலோடு போய் எழுதி விழுகிறவர்களே அதிகம். ஹால் டிக்கெட் வாங்கும் நாளில் இதை ஒருவர் எடுத்துச்சொன்னால், மூன்று வருடம் கழித்து ஒரு பத்தி எழுத வேண்டிய வேலையே இருக்காது.

இனி கடித வாசல். பிரான்சில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர் மதிப்பெண் தாளோடு தன் நோக்கத்தைச் சொல்லும் கடிதம் ஒன்றும் வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் முடிப்பது அங்கே மரபு. விசாவுக்கு முன்னால் காம்பஸ் பிரான்ஸ் அமைப்பின் நேர்காணலும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கடிதம் கேட்கின்றன, பல இடங்களில், கூடுதலாக ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்று தனிக் கட்டமே இருக்கிறது. இரண்டு இடத்திலும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். இந்த வாசல் கருணையானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடம் குறைவு, போட்டி அதிகம், குறைந்த மதிப்பெண் அங்கேயும் பலரைத் தள்ளிவிடும். அங்கே படிக்கிறவர் ஒரு மனிதர், அவருக்குக் காரணம் கேட்கப் பழக்கம் இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

இப்போது நம் மாணவி ஒரு பழக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிறாள். மூன்று வருடமாக ‘ஏன்’ என்று யாரும் கேட்காத தாளோடு வளர்ந்தவள். முதல்முறையாக ஒரு கட்டம் கேட்கிறது. தேக்கிவைத்த தண்ணீர் மதகு திறந்ததும் பாய்வதுபோல எல்லாம் வெளியே வந்துவிடுகிறது: அப்பாவின் கடன், பாட்டியின் மரணம், தனக்கு வந்த காய்ச்சல், ஆன்லைன் வகுப்பு, ஆசிரியர் மாறியது. அல்லது நேர் எதிராக, எல்லாவற்றையும் மூடி ஒரே வாக்கியம்: “எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பில் முழுக் கவனம் செலுத்த இயலவில்லை, இருப்பினும் மனம் தளராமல் உழைத்தேன்.” இரண்டாவது வகைதான் அதிகம் வருகிறது. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் படிக்கிறவருக்கு இதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

ரெயின்போ நகரில் குடியிருக்கும் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள் தண்ணீர்; ஆட்களை மீட்க ராணுவமே இறங்க வேண்டியிருந்தது. செமஸ்டர் தேர்வுக் காலம். அவள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “2024 நவம்பர் 30 புயலில் எங்கள் வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. மூன்று வாரம் உறவினர் வீட்டில் தங்கினோம். அந்த செமஸ்டரில் புள்ளியியல் உட்பட இரண்டு தாள்களில் தவறினேன். அடுத்த முறை எழுதி இரண்டிலும் தேறினேன். புள்ளியியலின் அடுத்த தாளில் ஏ பிளஸ் வாங்கினேன்.” ஐந்தே வரி. தேதி இருக்கிறது, சரிபார்க்க வழி இருக்கிறது, எவ்வளவு காலம் என்று இருக்கிறது, முடிந்துவிட்டது என்று இருக்கிறது. கடைசி வரிதான் உயிர். புயல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும், தவறிய பாடத்திலேயே அவள் எழுந்து நின்றது புரிந்துவிடும்.

இந்த ஊருக்குத் தெற்கே, காவிரிக் கரையில் நடந்த ஒரு தோல்வி இதைவிடத் தெளிவாகக் காட்டும். சீனிவாச ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய படிப்பு) சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை, மறுபடி எழுதியும் தேறவில்லை. இந்தத் தோல்வியை விளக்கியோ விளக்காமலோ அவர் எழுதிய இரண்டு கடிதங்கள், ஒரு வருடத்துக்குள் எழுதியவை, நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதல் கடிதம் 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு. குமாஸ்தா வேலை கேட்டு எழுதியது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியாததையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். அடுத்த வாக்கியத்தில், அதன்பின் முழு நேரமும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாகச் சொல்லிவிடுகிறார். ‘சூழ்நிலை’ என்பது நம் பிள்ளைகள் எழுதும் அதே மூடிய சொல்தான். ஆனால் அந்தக் கடிதம் தனியாகப் போகவில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், இந்த இளைஞனுக்குக் கணிதத்தில் அசாதாரணமான ஆற்றல் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த சான்றும் உடன் போயிற்று. மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டாவது கடிதம் 1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு. இதில் எஃப்.ஏ. என்ற பேச்சே இல்லை. தான் ஒரு குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்பு முடித்தவன், வழக்கமான பாதையில் போகாமல் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டிருப்பவன் என்று நாலு வரியில் முடித்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதிவிட்டார். சென்னைக்கு எழுதியதில் ‘சூழ்நிலை’ தேவைப்பட்டது. அங்கே இருந்தவருக்கு எஃப்.ஏ. என்றால் என்னவென்று தெரியும், முடிக்காதவனை ஏன் என்று கேட்பார். ஹார்டிக்கு அது பொருட்டில்லை என்று ராமானுஜன் சரியாகவே கணித்திருக்கிறார். படிக்கிறவர் யார் என்று தெரிந்துதான் இரண்டையும் எழுதியிருக்கிறார். இரண்டிலும் தோல்விக்கு ஒதுக்கிய இடம் குறைவு, செய்த வேலைக்கு ஒதுக்கிய இடம் அதிகம்.

அதற்குப்பின் நடந்ததை நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் தேவை. ராமானுஜனிடம் எஃப்.ஏ.கூட இல்லை. இதே பல்கலைக்கழகத் தேர்வில்தான் அவர் தோற்றிருந்தார். 1913 பிப்ரவரியில் அவருடைய நோட்டுகளைப் பார்த்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதப் பாடக் குழு கூடியது. மே மாதம் முதல் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எண்ணை மட்டும் பார்க்கும் வாசல் இங்கேயும் ஒருமுறை திறந்திருக்கிறது. மாணவன் மன்றாடித் திறக்கவில்லை. விவரம் தெரிந்த ஒருவர், தான் பார்த்ததை எழுதியதால் திறந்தது.

எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாது என்று யாராவது சொல்லக்கூடும். சரிதான். அவருடைய மேதமையை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அவர் வைத்த அளவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சறுக்கலுக்கு ஒரு வாக்கியம், வேலைக்கு மீதி எல்லாம்.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தயங்குகிற மாணவருக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். உடல்நலக் குறைவு என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, இப்போது குணமாகிவிட்டதா அல்லது கட்டுக்குள் இருக்கிறதா என்பது போதும். மன உளைச்சலுக்கும் இதே வழிதான். வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, இதையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் விரித்து வைக்க வேண்டாம். ‘குடும்பத்தில் ஒரு நெருக்கடி’ என்று சொல்லி, காலத்தையும் அது முடிந்ததையும் மட்டும் எழுதினால் மரியாதை குறையாது. ஆசிரியரைக் குறை சொல்லி எழுதாதீர்கள், அது உண்மையாகவே இருந்தாலும். நடக்காத மரணத்தையோ வராத நோயையோ எழுதாதீர்கள். காரணம் எதுவும் இல்லை, சும்மா படிக்காமல் இருந்துவிட்டேன் என்றால், விளக்கமே வேண்டாம். அடுத்த செமஸ்டரின் மதிப்பெண்களைப் பேச விடுங்கள். ஒரே ஒரு தாளில் ஒரு கிரேடு குறைந்ததற்கெல்லாம் பத்தி எழுதி, படிக்கிறவர் கவனிக்காததை நீங்களே காட்டிக்கொடுக்கவும் வேண்டாம்.

கடிதத்தில் அந்தப் பத்தியின் இடமும் முக்கியம். முதல் பத்தியில் வைத்தால் கடிதம் முழுவதும் அதன் நிழல் விழும். கடைசியில் வைத்தால் படித்து முடித்தவர் மனத்தில் அதுதான் நிற்கும். தனிக் கட்டம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் நடுவில், கல்லூரிப் படிப்பைப் பற்றிச் சொல்லும் பத்தியோடு. எல்லாவற்றையும்விட நல்ல இடம், உங்கள் கடிதத்திலேயே இல்லாமல் உங்கள் ஆசிரியரின் கடிதத்தில் இருப்பது.

ஆகவே என் வேண்டுகோள் மாணவருக்கு அல்ல, ஆசிரியர்களுக்கு. காலாப்பட்டிலும் லாஸ்பேட்டையிலும் பிள்ளைச்சாவடியிலும் வகுப்பெடுக்கும் உங்களுக்கு. நம் மார்க் ஷீட்டில் உங்களுக்கு ஒரு வரி எழுத இடம் வைக்கவில்லை. பல்கலைக்கழகம் அந்த இடத்தைத் தரும்வரை அந்த வரியை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். யார் எந்த வாரம் வரவில்லை, ஏன், எப்போது திரும்பி வந்தார் என்று. நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவரிடமே ‘நீயே டைப் பண்ணிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. நேரமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அப்படி வந்த கடிதத்தில், நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி என்பதைத் தவிர வேறெதுவும் இருக்காது. மோசமாகப் போன அந்த ஒரு செமஸ்டரைப் பற்றி, நீங்கள் நேரில் பார்த்ததை, தேதியோடு இரண்டு வரி நீங்களே எழுதிக்கொடுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.